ஐந்தாம் மாடிக்குப் போனவள்

ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை
12.02.2023

அன்பு அக்காவுக்கு நிரோ எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகன் கோயிலில் விளக்கு ஏற்றுகிறேன். வேலை செய்யும் வீட்டுச் சமையலறையில் கமரா இருக்கிறது, கோல் எடுத்தால் மேடம் ஏசுவார், வியாழன் பின்னேரம் மட்டும்தான் போன் கைக்கு வரும், எழுதி அனுப்பு என்று சொன்னீர்கள். ஆகவே சேர்த்து வைத்ததையெல்லாம் எழுதுகிறேன்.

தேனுஜனின் வழக்கு வென்றுவிட்டது அக்கா! வெள்ளவத்தையில் அவர் அப்பா வாங்கிய காணி. குடியிருந்தவர்கள் எழும்ப மாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போய், அவர் அப்பாவும் வழக்கின் நடுவிலேயே செத்துப்போய், எல்லோரும் கைவிட்ட வழக்கு. தீர்ப்பு வந்த கையோடு கட்டடம் கட்டும் கம்பனிக்காரர்கள் வந்தார்கள். காணியை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஒழுங்கையில் கட்டி முடித்த அப்பார்ட்மென்டில் ஐந்தாம் மாடியில் ஒரு வீடும் மிச்சத்துக்குக் காசும் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம்வரை நம் தலைக்கு மேல் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த மனிதர். இப்போது படுத்துக்கொண்டே கடல் பார்க்கிறார். மருதானையில் போன் திருத்தும் வேலையை விட்டுவிட்டார்.

சாமான் ஏற்றி இறக்கியது அப்பாதான். புறக்கோட்டையில் தன்னோடு மூட்டை தூக்கும் இரண்டு நாட்டாமைகளைக் கூட்டி வந்தார். புதுவீட்டு லிஃப்டில் சாமான் ஏற்றக்கூடாது என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டதால், பிரிஜ்ஜை ஐந்து மாடிக்கும் படியால் தூக்கினார்கள். பால் காய்ச்சும் நேரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவின் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். "நான் பொறகு வர்றேன் தம்பி" என்றார். தேனுஜனும் "ஓம் அங்கிள், பிறகு ஆறுதலா வாங்கோ" என்றார். எனக்குப் பாயாசம் பரிமாறும் வேலை. அவர் அம்மா கௌரி அன்ரி முகத்தை அவ்வளவு தூக்கி வைக்கவில்லை.

எங்கள் கலியாணத்தைப் பற்றித் தேனுஜனிடம் கேட்டேன். "ஒரு வருசம் பொறு நிரோ. வீட்டைச் சரிப்பண்ணிப்போட்டு ஊரறியக் கட்டுவம். இனி என்ன அவசரம், ஆர் எங்களைக் கேக்கிறது?" என்றார்.

நான்கு வருடம் பொறுத்தவளுக்கு ஒரு வருடம் பெரிதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை நிரோஷினி


குவைத்
02.03.2023

நிரோவுக்கு,

நான் நல்லா இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வழக்கு வென்றது சந்தோஷம். அந்தப் பையன் லொக்டவுன் காலத்தில் வேலையில்லாமல் கிடந்தபோது உன் நேர்சரிச் சம்பளத்தில்தான் தாயும் மகனும் சாப்பிட்டார்கள். அந்த நன்றி இருந்தால் நல்லது. இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரிய வேண்டும்.

அப்பா பிரிஜ் தூக்கினார், சரி. சாப்பிட்டாரா? அதை நீ எழுதவில்லை.

ஒரு வருடம் என்கிறவனிடம் எந்த மாதம் என்று கேள். காசில்லாதவன் நாள் தள்ளினால் காரணம் தெரியும். காசு வந்த பிறகும் தள்ளினால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

இங்கே மூன்று மாடி வீடு, பதினொரு பேர், ஆறு கக்கூஸ். நம் குடும்பத்தில் ஒருத்தி அடுத்தவர் வீட்டைக் கழுவினால் போதும் என்றுதான் நான் வந்தேன். நீ மொண்டிசோரி டிப்ளோமா முடித்து பைறோஸா டீச்சரின் நேர்சரியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாய். அதை நினைத்துக்கொண்டுதான் நான் பிரஷ்ஷைத் தூக்குகிறேன். என்ன நடந்தாலும் அந்த வேலையை விடாதே.

சுகத்துக்கு எழுது.

லோகேஸ்வரி


வெள்ளவத்தை
21.05.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு இடுப்பு வலி, எண்ணெய் போடுகிறார். நீங்கள் நலமா?

இந்தக் கடிதத்தை வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். கௌரி அன்ரிக்குச் சித்திரைத் தொடக்கத்தில் பாரிசவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஏஜென்சி மூலம் ஒரு நர்ஸ் பிள்ளையை வைத்தார்கள். அன்ரி அவள் ஊட்டியதைத் துப்பிவிட்டார். இரண்டாவது ஆள் ஊட்டியதையும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஊட்டினேன். சாப்பிட்டுவிட்டார். தேனுஜன் கதவோரம் நின்று அழுதார். "நிரோ, அம்மாவுக்கு உன்னைவிட்டா ஆரும் இல்லை" என்றார். முதல் தடவையாக அந்த வீட்டில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னார் அக்கா.

இரண்டு கிழமைக்கு மட்டும் என்று பைறோஸா டீச்சரிடம் லீவு கேட்டேன். "போயிட்டு வாங்க மகள், ஆனா ஜூன்ல புதுப் பிள்ளைகள் வாரது, நான் ஆள் இல்லாம நிக்க ஏலாது" என்றார். நானும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் வெளியாட்கள் இரவு ஒன்பதுக்குப் பிறகு நிற்கக்கூடாதாம். ஒவ்வொரு நாளும் செக்யூரிட்டி டெரிக் அங்கிள் கொப்பியில் கையெழுத்து வாங்கி, மேலே போன் போட்டுக் கேட்டுத்தான் விடுவார். இரவில் அன்ரிக்கு ஆள் வேண்டும். கமிட்டியில் கேட்டதற்கு, வீட்டில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் கார்ட் ஒன்று போட்டால் இரவும் தங்கலாம் என்றார்களாம். தேனுஜன் என் படத்தைக் கொடுத்து எடுத்துவிட்டார்.

"இது சும்மா ஒரு கார்ட் நிரோ. வாசலிலை காட்டத்தானே. நீ ஆரெண்டு எனக்குத் தெரியாதே?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கார்டில் என் படம் நன்றாக விழுந்திருக்கிறது.

மஞ்சள் கார்ட்காரர்கள் பின்பக்க லிஃப்டில்தான் போக வேண்டும். குப்பை வாளியும் அதில்தான் வரும். மற்றபடி ஒன்றும் இல்லை.

சுகமாக இருங்கள்.

நிரோ


குவைத்
01.06.2023

நிரோ,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

என்னிடமும் ஒரு கார்ட் இருக்கிறது. என் படமும் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. கீழே என் வேலை என்ன என்று அரபியில் அடித்திருக்கிறார்கள். ஆனால் நான் அந்தக் கார்டுக்குச் சம்பளம் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணித்தியாலம் லீவு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிக்கெட் தர வேண்டும். மேடம் எனக்கு மேடம், நான் அவளுக்கு வேலைக்காரி, இரண்டு பேருக்கும் அது தெரியும். நீ அந்த வீட்டில் யார்? உனக்கு லீவு நாள் எது?

கலியாணம் கட்டி மருமகளாக இருந்து மாமியாருக்குப் பீ அள்ளு, நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். கட்டுவதற்கு முன் அள்ளாதே. அள்ளிப் பழகியவளை எவனும் கட்ட மாட்டான், வைத்துக்கொள்வான்.

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேர்சரிக்குப் போ. அப்பாவின் இடுப்புக்கு டொக்டரிடம் காட்டு.

அக்கா


வெள்ளவத்தை
17.09.2023

அன்பு அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். நான் சுகம். உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு தரம்தான் வாசித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

நேர்சரியில் வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்கள். டீச்சரில் பிழை இல்லை.

கௌரி அன்ரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அவசரப்படாதீங்கோ" என்று மட்டும் சொல்வார். நான் என் நேர்சரி அட்டைகளை எடுத்து வந்தேன். பழம், பூ, கோப்பை, பூனை. பிள்ளைகளுக்குச் செய்வதுபோலவே பாட்டாகப் பாடித் தாளம் போட்டேன். பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வரும் அக்கா, திக்குகிற பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். முதலில் "பூ" வந்தது. பிறகு "தண்ணி". ஒரு சொல் சரியாக வந்தால் நான் கை தட்டுவேன். அவரும் இடது கையால் தொடையில் தட்டுவார். இப்போது இரண்டு சொல் சேர்க்கிறோம். "தண்ணி தா." "ஜன்னல் பூட்டு." "இவ எங்கட..." என்று தொடங்கினால் முடிக்க வராமல் கண் கலங்குவார். நான் "பரவாயில்ல அன்ரி, நாளைக்கு" என்பேன்.

என்னைப் பிடிக்காத மனுசிதான். ஜிந்துப்பிட்டியில் இருந்தபோது "அவையள் வேற ஆக்கள் தம்பி" என்று மேலே பேசியது கீழே எனக்குக் கேட்டிருக்கிறது. இப்போது நான் குளிக்கப் போனாலும் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மனசு மாறாமலா இருக்கும்?

தேனுஜன் கார் வாங்கியிருக்கிறார். பம்பலப்பிட்டியில் போன் கடை போடப் போகிறார், அதற்காகப் பெரிய ஆட்களுடன் பழக்கம். இங்கே வெள்ளவத்தையில் ஒருவரையொருவர் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுத்தான் கை கொடுக்கிறார்கள். அவர்கள் வரும்போது என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடுகிறார். "பிள்ளை, நாலு டீ." ஆட்கள் போன பிறகு நிரோ. காலம் வரும்போது முறையாகச் சொல்லலாம் என்கிறார். ஆடி போகட்டும் என்றார், ஆடி போய்விட்டது.

சில நாள் அன்ரி தூங்கிய பிறகு தேனுஜன் நான் படுக்கும் அறைக்கு வந்து நெடுநேரம் இருப்பார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு மாதத்தில் ஒருநாள் போகிறேன். அப்பா எதுவும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அன்புடன்
நிரோ


குவைத்
28.09.2023

அன்புள்ள தங்கைக்கு,

உன் சுகம் எப்படி? கடிதத்தில் எழுதும் சுகத்தைக் கேட்கவில்லை. மாதம் சரியாக வருகிறதா? தலை சுற்றுகிறதா? இதை அம்மா இருந்தால் கேட்டிருப்பார். அம்மா இல்லாதபடியால் நான் கேட்கிறேன். வெட்கப்படாமல் பதில் எழுது.

கோபத்தில் எழுதவில்லை. போன முறை எழுதியதில் சில சொற்கள் கூடிவிட்டன. ஆனால் ஒன்றையும் திரும்ப எடுக்க மாட்டேன்.

வலது கையில் எண்ணெய் பட்டுவிட்டது, இடது கையால் தட்டுகிறேன். அதனால் சின்னக் கடிதம். பெரிதாக ஒன்றும் இல்லை.

அக்கா


வெள்ளவத்தை
19.11.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். இரண்டு மாதம் பயந்திருந்தேன், இப்போது பயம் இல்லை. வேறு ஒன்றும் கேட்க வேண்டாம்.

கலியாணம் சரியாகிவிட்டது. தை மாதம். பம்பலப்பிட்டியில் ஹோல் எடுத்திருக்கிறார்கள்.

அன்ரி நன்றாகச் சாப்பிடுகிறார்.

நிரோ


குவைத்
23.11.2023

என் தங்கமே,

இதை வாசித்துவிட்டுச் சமையலறை என்றும் பார்க்காமல் அழுதேன். கமராவில் பார்த்துவிட்டு மேடம் ஓடி வந்தாள். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். தங்கச்சிக்குக் கலியாணம் என்றேன். அதற்கு எதற்கு அழுகிறாய், பைத்தியமா என்று போனாள். பிறகு திரும்பி வந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்தாள். இந்த வீட்டில் நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு உன் பெயரால் வந்தது.

நான் என்னென்னவோ நினைத்தேன், எழுதினேன். என் வாயில் அடி. தேனுஜனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லாதே, நானே வந்து சொல்கிறேன். தை மாதம் லீவு தருவதாக மேடம் ஒத்துக்கொண்டுவிட்டாள். ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, டிக்கெட்டை நான்தான் போட வேண்டும், போகட்டும்.

ஒரு சோடி ஜிமிக்கி பார்த்து வைத்திருந்தேன், நாளை வெள்ளிக்கிழமை லீவில் எடுத்துவிடுவேன். சின்னதுதான், ஆனால் கல் நல்ல கல். கூறைச்சேலை என்ன நிறம்? அவர்கள் முறைப்படி பொன்னுருக்கு வைப்பார்களாமே, தாலிக்குப் பொன் உருக்குவது. அதற்கு நம் பக்கத்திலிருந்து என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு எழுது. வெறுங்கையுடன் போய் நிற்கக்கூடாது. அப்பாவுக்கு வேட்டியும் சட்டையும் நான் கொண்டு வருகிறேன்.

மூன்று வரி எழுதியிருக்கிறாய். உனக்கு இப்போது நேரம் எங்கே!

உன் அக்கா


ஜிந்துப்பிட்டி
15.12.2023

அக்கா,

டிக்கெட் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் மாற்றுங்கள். கலியாணம் எனக்கில்லை.

மூன்று கிழமையாக இதை எழுதத் தொடங்கித் தொடங்கி அழித்தேன். அன்றைக்குக் "கலியாணம் சரி" என்று எழுதும்போதே நீங்கள் அப்படித்தான் எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஒருவராவது ஒரு கிழமையாவது என் கலியாணம் என்று நினைத்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்தது. பெட்டைத்தனம். என்னை அடிக்க வேண்டும்.

பெண் பெயர் சுபோதினி. பாங்கில் மனேஜர். அப்பா கதிர்காமநாதன், வெள்ளவத்தையில் மூன்று கடைக் கட்டடம் வைத்திருக்கிறார். பம்பலப்பிட்டிக் கடைக்கு இடம் கொடுக்கிறவரும் அவர்தான்.

ஐப்பசிக் கடைசியில் வந்து பார்த்தார்கள். யாரோ கடை விசயமாக வருகிறார்கள் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. வடையும் ரோல்சும் செய்து, அன்ரிக்குச் சேலை உடுத்தி, தலை வாரி, ஹோலில் கதிரையில் இருத்தினேன். டீ கொண்டுபோனபோது பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை ஆர்? உங்கட சொந்தமோ?" என்று தேனுஜனைக் கேட்டார்.

தேனுஜன் டீயைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன் அக்கா. தட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு நிமிசம், சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அன்ரி சொன்னார். இடது கையை என் பக்கம் நீட்டி, ஒவ்வொரு சொல்லாக, நான் சொல்லிக்கொடுத்த அதே தாளத்தில்: "இவ... எங்கட... வேலைக்காரப் பிள்ளை."

ஏழு மாதத்தில் அவர் முடித்த முதல் முழு வசனம்.

தேனுஜன் துள்ளி எழும்பிவிட்டார். "அம்மா கதைக்கிறா! அம்மா வடிவாக் கதைக்கிறா!" என்று கண்ணைத் துடைத்தார். பெண்ணின் அப்பா "கடவுளே" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோசம் அக்கா, நானும் தட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

"நம்பிக்கையான பிள்ளை கிடைக்கிறது இந்தக் காலத்திலை எவ்வளவு கஷ்டம்" என்று பெண்ணின் அம்மா சொன்னார். சுபோதினி நல்ல பிள்ளை. போகும்போது குசினிக்கு வந்து, "வடை சூப்பர். எனக்கும் பழக்கிவிடுங்கோ என்ன" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிரவு தேனுஜன் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். அவரே சொன்னார்.

"நிரோ, கலியாணம் வேற, நாங்கள் வேற. அது கடைக்காக, ஆக்களுக்காக. அம்மாவுக்கு உன்னைவிட்டா ஏலாது. சுபோ விடிஞ்சாப் பின்னேரம்வரை பாங்கிலை. நீ இஞ்சையே நில். இனிச் சம்பளமும் ஒழுங்காத் தாறன். ஒண்டும் மாறாது எண்டு நினை."

"சம்பளமா?" என்றேன்.

"ஏன், காணாதெண்டு நினைக்கிறியே? எவ்வளவெண்டு சொல்லன்" என்றார். கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் எழும்பி வந்துவிடவில்லை. உங்களிடம் பொய் சொல்ல முடியாது. இரண்டு நாள் லீவில் இப்போது வீட்டில் இருக்கிறேன். நாளை திரும்பப் போகிறேன். நான் போகாவிட்டால் அன்ரி சாப்பிட மாட்டார்.

ஜிமிக்கியைக் கடையில் திருப்பி எடுப்பார்களா?

நிரோ


குவைத்
21.12.2023

நிரோ,

ஜிமிக்கியைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அது உனக்கு எடுத்தது, கலியாணத்துக்கு இல்லை.

அந்த மனுசி சாப்பிடாவிட்டால் மகன் ஊட்டட்டும். அவனுக்கு இரண்டு கை இருக்கிறது. மூக்கால் குழாய் போட ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்குக் காசும் அவனிடம் இருக்கிறது. ஏழையை மட்டும்தான் பாசத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பணக்காரர் வீட்டில் பசித்தாலும் அதற்குப் பொறுப்பு நாம், பசியாவிட்டாலும் நம் சமையலில் உப்புக் கூடிவிட்டது என்பார்கள்.

அவன் உன்னை ஏமாற்றினான் என்று நீ நினைக்கிறாய். அப்படி இல்லை. ஏமாற்றுகிறவன் மறைப்பான். அவன் கார்டில் உன் படத்தை ஒட்டி வாசலில் காட்டச் சொன்னான். கட்டடம் முழுவதும் பார்த்தது. நீயும் நானும்தான் பார்க்கவில்லை. இல்லை, நான் பார்த்தேன், பிறகு மூன்று வரியில் கலியாணம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கே வா. சாமானைப் பிறகு எடுக்கலாம். வந்ததும் எழுது. எழுதாவிட்டால் நான் ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு வந்து அந்த ஐந்தாம் மாடியில் நின்று கத்துவேன். முன்பக்க லிஃப்டில் வருவேன்.

லோகா


ஜிந்துப்பிட்டி
24.02.2024

என் அன்பு அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். உங்கள் கை எப்படி இருக்கிறது? எண்ணெய் எப்படிப் பட்டது என்று நான் கேட்கவே இல்லை. பட்டதா, ஊற்றினார்களா? இதற்கு உண்மையைப் பதிலாக எழுதுங்கள்.

உங்கள் மூன்று செய்திக்கும் பதில் போடாமல் இருந்தது பயத்தில். நீங்கள் வா என்ற அன்று நான் வரவில்லை. பொன்னுருக்கு முடியும்வரை இருந்தேன்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். தட்டாசாரியார் அடுப்பும் கரியும் கொண்டுவந்தார். உள்ளே புகை வந்தால் மணி அடிக்கும் என்று பல்கனியில் வைத்துத்தான் உருக்கினார்கள். பவுண் காசை மாப்பிள்ளை வீட்டார் ஆசாரியார் கையில் கொடுக்க வேண்டும். புருசன் இல்லாதவர் தொடக்கூடாது, மாமா முறையில் யாராவது கொடுக்கட்டும் என்று ஒரு மனுசி முணுமுணுத்தார். தேனுஜன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தக் காலத்திலையும் உதென்ன கதை? என்னை வளர்த்தது என்ரை அம்மா. அவதான் குடுப்பா." எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு முற்போக்கு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வலது கையால் கொடுக்க வேண்டுமே. அன்ரியின் வலது கை தானாக எழும்பாது. தேனுஜன் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அம்மான்ரை கையைப் பிடியும்" என்றார்.

நான் பிடித்தேன். உள்ளங்கையில் காசை வைத்து, விரலை மூடி, என் கையால் தாங்கித் தூக்கி, ஆசாரியார் கையில் விடுவித்தேன். படமெடுக்கிற பெடியன் "அக்கா, கொஞ்சம் பின்னுக்கு, நீங்க படத்துல விழுறீங்க" என்றான். முகத்தை மட்டும் பின்னுக்கு எடுத்தேன். படத்தில் என் கை இருக்கும்.

பொன் உருகி முடிந்ததும் அன்ரிக்கு மத்தியானச் சாப்பாடு ஊட்டினேன். முழுக்கச் சாப்பிட்டார். வாயைத் துடைத்தேன். "நிரோ" என்றார். என் பெயரை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை அக்கா. எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு நான் கை தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே டெரிக் அங்கிள், "என்ன மிஸ்ஸி, கலியாண வீட்டு நேரத்துல லீவா?" என்றார். "முடிஞ்சுது அங்கிள்" என்று கார்டை மேசையில் வைத்தேன். "அப்ப அந்த நோனா சாப்பிடுவாவா?" என்றார். அவரும் அதைத்தான் கேட்டார். 155 பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைவரை நின்றுகொண்டே வந்தேன்.

அதன் பிறகு தேனுஜன் பன்னிரண்டு தரம் கோல் எடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். ஏஜென்சிப் பிள்ளை ஒருத்தி நிற்கிறாளாம்.

பைறோஸா டீச்சரிடம் போனேன். வேறு பிள்ளை பாடிக்கொண்டிருந்தாள், நல்ல குரல். "செப்டம்பர்ல பாப்பம் மகள்" என்றார் டீச்சர். இன்னும் மூன்று நேர்சரியில் கேட்டேன். ஒரு வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை, தூக்க முடியவில்லை.

இனி எழுதப் போவதற்கு நீங்கள் ஏசுவீர்கள். மருதானையில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். சைப்ரஸில் வயசாளிகளைப் பார்க்கும் வேலை. என் டிப்ளோமாவை அங்கே ஆள் எடுக்கும் நோனா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாரிசவாத நோயாளியைப் பார்த்த அனுபவம் இருக்கா?" என்றார். இருக்கு என்றதும்தான் கதிரையைக் காட்டினார். ஒருத்தி கழுவினால் போதும் என்று நீங்கள் போனீர்கள். அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் இவ்வளவு நாள் நான் கழுவாமலா இருந்தேன்? சம்பளம் இல்லாமல் கழுவினேன், அவ்வளவுதான் வித்தியாசம். கிழமைக்கு ஒருநாள் லீவு, ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதலில் அதைத்தான் வாசித்தேன்.

வேலை செய்த வீட்டிலிருந்து ஒரு சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். வெட்கத்தை விட்டுத் தேனுஜனுக்குச் செய்தி போட்டேன். கலியாணத்துக்கு நாள் கேட்டபோது ஒரு வருடம் தள்ளியவர், இதைக் கேட்ட அன்றைக்கே டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். கடையின் பெயர் அச்சடித்த தடித்த தாள். ஏஜென்சி நோனா வாசித்துவிட்டு, "இப்பிடி நல்ல கடிதம் ஆருக்கும் கிடைக்காது" என்றார்.

பிரதியைக் கீழே அடித்திருக்கிறேன். வாசித்துவிட்டு அழித்துவிடுங்கள். பங்குனி முடிவதற்குள் பயணம். உங்கள் கையைப் பற்றி எழுத மறக்காதீர்கள்.

தங்கை
நிரோஷினி


சம்பந்தப்பட்டவர்களுக்கு,

கொழும்பு 13, ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த செல்வி நிரோஷினி, 2023 மே முதல் 2024 ஜனவரி வரை எமது வெள்ளவத்தை இல்லத்தில் தங்கிப் பணிபுரிந்தார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

இக்காலத்தில் நோயுற்ற என் தாயாரையும், சமையலையும், வீட்டாரின் ஏனைய தேவைகளையும் இரவு பகல் பாராது கவனித்துக்கொண்டார். நேர்மையும் அடக்கமும் உள்ளவர். வீட்டுக் கதவு, அலுமாரித் திறப்புகள் அவரிடமே இருந்தன. எப்பொருளும் காணாமற் போனதில்லை. எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லாதவர். திருமணமாகாதவர், குடும்பப் பொறுப்புகள் எதுவும் இல்லை. தமது சொந்த விருப்பின் பேரிலேயே பணியிலிருந்து விலகினார். எமக்கும் அவருக்கும் இடையில் தீர்க்கப்பட வேண்டிய விடயம் எதுவும் கிடையாது.

இவரை எந்த வீட்டிலும் தயக்கமின்றி வேலைக்கு அமர்த்தலாம். மேலதிக விபரங்கள் தேவைப்படின் என் மனைவி திருமதி சுபோதினி தேனுஜனுடன் தொடர்புகொள்ளவும்.

இப்படிக்கு,
வரதராசா தேனுஜன்